பதினைந்துக்குப் பதினாலு

பாம்பன் ஆரம்ப சுகாதார நிலையம். பதினொன்றே கால்.
ஷேர் ஆட்டோவிலிருந்து நான்கு பெண்கள் இறங்கினார்கள்.
மூவர் நடந்தார்கள்,
நான்காமவளை நடத்திக்கொண்டு.

பெயர்? நம்புநாயகி.
வயது? "நாப்பத்தஞ்சு போடுங்க."
காதுக்கு மேலே, இடப்பக்கம், இரண்டு விரல்கடை வெட்டு.
எப்படி?
மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
"பாறை வழுக்கிருச்சு."
தீவுப் பக்கம் வனத்துறைப் படகு வரும் நாளில்
பாறைகள் அதிகம் வழுக்கும்.
வழுக்கியதாகவே எழுதினேன்.

இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்த வளையம்.
மண்டையின் அடி எலும்பு விட்டிருந்தால்
இப்படித்தான் கறுக்கும் என்று
வயிறு கலங்கி, தொட்டுப் பார்த்தேன்.
முகமூடிக் கண்ணாடியின் விளிம்பு, இருபது வருடமாக
அதே இடத்தில்.
டார்ச் அடித்தேன். பாவை இரண்டும்
ஒரே வேகத்தில் சுருங்கின.

பிறகு தோல்.
நிறத்தை வெயில் தொடாத இடத்தில்தான் கேட்க வேண்டும்:
கீழிமை, வெளுப்பு. இன்று வந்த வெளுப்பல்ல.
முழங்கை மடிப்பில் உப்பு, சலித்த மாவு போல.
கழுத்தெலும்புக்குக் கீழே கிள்ளி விட்டேன்.
கிள்ளிய தோல் நின்று யோசித்து
மெதுவாக இறங்கியது.
தண்ணி குடிச்சு எவ்வளவு நேரமாச்சு?
"விடியக்காலம் நாலு மணி.
கடல்ல எங்க போயி ஒதுங்குறது?
குடிக்கிறதில்ல."

விரலில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.
கண்ண மூடிக்கங்க. பஞ்சு பட்டா சொல்லுங்க.
கன்னம். "ம்."
முழங்கை. "ம்."
விரல் நுனி.
மறுபடியும் விரல் நுனி.
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

உணர்வு, என்று எழுதத் தொடங்கினேன்.
"இருங்க சிஸ்டர்," என்றாள் களஞ்சியம்,
"எனக்கும் வச்சுப் பாருங்க."
கண்ணை மூடிக் கை நீட்டினாள்.
பின்னாலேயே மற்ற இருவரும்.
மேசை மேல் முப்பது விரல்கள்.
பஞ்சு ஊர்ந்து போகிறது
யாருக்கும் தெரியாமல்.
மரிக்கொழுந்துப் பாசி தெரியுமாம்,
கஞ்சிப் பாசி தெரியுமாம்,
கலங்கல் தண்ணீரில், பார்க்காமலே.

படிவத்தில் ஒரு நோயாளிக்கு ஒரே கட்டம்.
"பழையது" என்று எழுதினேன்.
அடித்தேன்.
வேறு சொல் வராமல் அதையே திரும்ப எழுதினேன்.

இன்னைக்கு என்ன தேதி?
தெரியாது.
கிழமை?
உதட்டைப் பிதுக்கினாள். ஒரு மதிப்பெண்ணைக் குறைக்க
பேனா இறங்கும்போது சொன்னாள்:
"மூணாம் பிறை. நீர் வத்து.
இன்னும் மூணு நாள் போனா
கடன்காரனுக்கு வட்டி கட்டிரலாம்."
மருந்துக் கம்பெனிக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.
பொடி எழுத்தில் பிறை.
நாள், இடம், தன் நிலை, எல்லாம் சரி.
பதினைந்துக்குப் பதினைந்து.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் முறை வாந்தி.
டாக்டர் ராமநாதபுரம் என்றார், ஸ்கேன் என்றார்.

பாலத்தின் மேல் ஆம்புலன்ஸ்.
இரு பக்கமும் அவள் வேலை செய்யும் இடம்
ஜன்னலில் ஓடுகிறது.
உங்க பேரு என்ன?
"நம்புநாயகி."
மண்டபம் தாண்டி, உங்க பேரு என்ன?
"இப்பத்தான கேட்ட."
எரிச்சல் நல்லது. இன்னும் எரிச்சல் படு, தாயே.
உச்சிப்புளிக்கு அருகில்
கண்கள் மூடியிருந்தன.
கூப்பிட்ட பிறகே திறந்தாள்.
கண்: நான்கிலிருந்து மூன்று.
நாலு மணிக்கு எழுந்தவளின் தூக்கமா இது?
படிவம் தூக்கத்தை நம்பாது.
பதினாலு.

என் இரண்டு விரலையும் பிடிங்க. இறுக்குங்க.
பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கும் கை
இறுக்கியது.
வலது, இடது, சமம்.
"போதும், போதும்," என்றேன்.
விடவில்லை.
கேட்டதா, கேட்கவில்லையா,
அதற்கும் கட்டமில்லை.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனபின்
மோதிரம் அழுந்திய விரலைப் பார்த்தேன்.
நகத்தை அமுக்கி விட்டு எண்ணினேன்.
வெளுப்பு. ஒன்று. இரண்டு.
மூன்று ஆனது
எனக்கு ரத்தம் திரும்ப.